உலகின் முதல் 50 கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்கு: எங்கள் போட்டியிலும் ஒரு வாரம் ஆடுங்கள்

மதிப்பிற்குரிய ஆட்டக்காரர்களே,

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இந்த ஊர் பழக்கமான ஊர்தான். இங்குள்ள புக்கிட் கியாரா, சௌஜானா, மைன்ஸ் மைதானங்களில் நீங்கள் சட்டை நனைய நடந்ததைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். சில ஆண்டுகள் ‘அமைதி’ என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்கும் தொண்டர் வேலையும் செய்திருக்கிறேன். இப்போது உள்ளூர்த் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சிறு போட்டிகளுக்கு ஸ்பான்சர் தேடி அலையும் குழுவில் ஒருவன். அந்த அலைச்சலின் எரிச்சலும் இந்த மடலில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நான்கு ஆண்டுக்கு ஒரு வாரம், உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நடக்கும் ஒரு சிறு போட்டியில் நீங்கள் ஒவ்வொருவரும் ஆட வேண்டும். அது மலேசியாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வந்து நிற்பதற்கென்று தனிக் கட்டணம் வாங்காமல் ஆட வேண்டும்.

ஸ்பான்சர் வேட்டை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அதற்கெல்லாம் உங்களுக்கு ஆள் உண்டு. பங்சாரில் ஒரு நிறுவனத்தின் அலுவலகம். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கிறது. நாங்கள் மூன்று பேர், ஒரு மடிக்கணினி, பத்துப் பக்கத் திட்டம். எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி நம்மவர்தான், மரியாதையாகத்தான் பேசினார். முதல் பக்கத்தைப் புரட்டினார், மூடினார். “எல்லாம் சரி அண்ணே, யார் வர்றா? டைகர் மாதிரி, ரோரி மாதிரி ஒரு ஆள் வந்தா மேல சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்.” அதோடு பேச்சு முடிந்தது. மீதி ஒன்பது பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பக்கங்களில்தான் எங்கள் பையன்களின் பெயர்கள் இருந்தன.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கேட்டது சந்தையின் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் கிடையாது, உங்களிடம்தான் இருக்கிறது.

நீங்கள் அப்படி வந்தால் என்ன நடக்கும் என்பதை இந்த ஊர் கண்ணால் கண்டிருக்கிறது. 2011, 2012 ஆண்டுகளில் மலேசிய ஓப்பன், அமெரிக்காவின் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் என்ற பெரும் போட்டி முடிந்த மறு வாரமே இங்கே நடந்தது. யோசித்துப் பாருங்கள், அதைவிட மோசமான தேதி கிடைக்குமா? பூமியின் மறுபக்கம், நேரம் தலைகீழ், போதாக்குறைக்கு ஏப்ரல் புழுக்கம். 2011 மாஸ்டர்ஸின் கடைசி நாளை ரோரி மெக்கில்ராய் நான்கு அடி (ஸ்ட்ரோக்) முன்னிலையில் தொடங்கினார். குறைந்த அடியில் முடிப்பவர் வெல்லும் ஆட்டத்தில் அன்று 80 அடி எடுத்துச் சரிந்தார். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் இளைஞன் அப்படி உடைந்துபோனதை நான் அதற்குமுன் கண்டதில்லை. கடைசி நான்கு குழிகளிலும் பேர்டி, அதாவது கணக்கைவிட ஓர் அடி குறைவாக, அடித்து, மாஸ்டர்ஸ் வெற்றியாளருக்கான பச்சை நிறக் கோட்டை வாங்கிக்கொண்டவர் சார்ல் ஷ்வார்ட்செல். இருவரும் ஒரே விமானத்தில் கோலாலம்பூர் வந்து இறங்கினார்கள். வென்றவர் கோட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்க, தோற்றவரும் கூட உட்கார்ந்து எடுத்த படம் அப்போது எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. “எனக்கு மனசு சரியில்லை, இந்த வாரம் வரவில்லை” என்று மெக்கில்ராய் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? வந்தார். ஆடினார். மூன்றாவதாக முடித்தார். வென்றது, பதினெட்டு வயது நிறைய இன்னும் இரண்டு நாள் மிச்சமிருந்த இத்தாலியப் பையன் மத்தேயோ மனசேரோ.

அடுத்த ஆண்டு இன்னும் விசேஷம். லூயி ஊஸ்ட்ஹெய்சன் மாஸ்டர்ஸ் கடைசி நாளில் இரண்டாவது குழியை இரண்டே அடியில் முடித்தார். ஐந்து அடியில் முடிக்க வேண்டிய (பார் ஐந்து) குழி அது. அப்படி அடித்தும் பபா வாட்சனிடம் பிளேஆஃபில், அதாவது சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில், தோற்றார். சில நாள் கழித்து புக்கிட் கியாராவில் நிற்கிறார், அந்த ஞாயிறு மலேசிய ஓப்பனை வென்றும்விட்டார். கண்ணெல்லாம் உள்ளே போயிருக்கும் மனிதர் எப்படி நின்று ஆடினார் என்பது எனக்கு இன்றுவரை வியப்பு. சரியாகத் தூக்கமில்லை என்பதற்காகப் போட்டியைத் தவிர்ப்பவர்கள் உங்களில் இருந்தால், அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த இரண்டு வாரமும் எங்களுக்கு என்ன தந்தது? கூட்டம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஸ்பான்சர்கள் தாமே தேடி வந்தார்கள். அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. காலையில் பயிற்சித் திடலில் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் வெட்ஜ் என்ற குறுந்தொலைவு மட்டையால் அடித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இரண்டு இடம் தள்ளி, சிரம்பானிலிருந்து வந்த எங்கள் பையன் அதே வெட்ஜால் அடிக்கிறான். அவன் பந்து எங்கே விழுகிறது என்பதைவிட, அவர் ஒவ்வொரு அடிக்கு முன்பும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதைத்தான் அவன் கவனிக்கிறான். பயிற்சியாளருக்குக் காசு கொடுத்து இதைக் கற்க முடியாது. பக்கத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. உங்களுக்கு இது தெரியும், இதைப் படிக்கும் எங்கள் மக்களுக்காக ஒரு விளக்கம். முன்பெல்லாம் ஆசியச் சுற்றில் ஒரு போட்டியை வென்றால் உலகத் தரவரிசையில் குறைந்தது இத்தனை புள்ளி என்று ஓர் உத்தரவாதம் இருந்தது. 2022 ஆகஸ்டில் அந்த முறை போனது. இப்போது களத்தில் இறங்கும் ஒவ்வொருவரின் பலத்தையும் கூட்டித்தான் அந்தப் போட்டிக்கு எவ்வளவு புள்ளி என்று முடிவாகிறது. கணக்கில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விளைவு என்ன? பலமானவர்கள் வராத போட்டியில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஏறக்கூடிய படி சிறியது. உலகத் தரவரிசையில் முதல் 50-க்குள் வந்தால் மாஸ்டர்ஸ் அழைப்பு போன்ற கதவுகள் திறக்கும். அந்த 50 பேரோ தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டால், பெரிய புள்ளியெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிவரும். உங்களில் மூன்று பேர் ஒரு சிறு போட்டிக்குப் பெயர் கொடுத்தாலே அங்கே ஆடும் நூற்றைம்பது பேருக்கும் அந்த வாரத்தின் மதிப்பு கூடிவிடும். அதற்காக நீங்கள் வெல்லக்கூட வேண்டாம்.

2015 பிப்ரவரியில் புக்கிட் கியாராவில் இந்திய ஆட்டக்காரர் அனிர்பான் லாஹிரி, கடைசி நாள் தொடங்கும்போது ஐந்து அடி பின்தங்கி இருந்தவர், மலேசிய ஓப்பனை ஓர் அடி வித்தியாசத்தில் வென்றார். அந்த வெற்றியால் ஐரோப்பியச் சுற்றில் அவர் இடம் உறுதியானது. அந்த ஆண்டே பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்தார், பிரெசிடென்ட்ஸ் கோப்பை அணியிலும் ஆடினார். எங்கள் போட்டி அவருக்கு ஏணியாக இருந்தது. அந்த ஏணி அவர் எடைக்குத் தாங்கியதற்குக் காரணம், வலுவான ஆட்டக்காரர்கள் அந்தக் களத்தில் இருந்ததுதான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். “நாங்கள்தான் மலேசியா வந்தோமே, எத்தனை வருடம் வந்தோம்” என்று நீங்கள் சொல்லலாம். வந்தீர்கள். 2010-இல் மைன்ஸில் தொடங்கி 2018 வரை, அமெரிக்காவின் பி.ஜி.ஏ டூர் ஆட்டக்காரர்கள் வந்து ஆடிய, சி.ஐ.எம்.பி வங்கியின் பெயர் தாங்கிய போட்டி நடந்தது. 2012-இல் டைகர் வுட்ஸ் ஆடினார், அந்த வாரம் செரி கெம்பாங்கானில் கார் நிறுத்த இடமில்லை. ஜஸ்டின் தாமஸ் தம் முதல் பி.ஜி.ஏ டூர் வெற்றியை 2015-இல் கோலாலம்பூரில்தான் பெற்றார், மறு ஆண்டும் வந்து கோப்பையைத் தக்கவைத்தார். பிறகு உலகின் முதலிடத்துக்கே போனார். எங்களுக்கும் பெருமைதான். ஆனால் அது எங்கள் ஊரில் நடந்த உங்கள் போட்டி. 70 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு, 78 பேர், இரண்டாம் நாளோடு யாரும் வெளியேற வேண்டியதில்லை. மலேசியர்களுக்கு விரல் விட்டு எண்ணும் இடங்கள். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு விட்டவனுக்குப் பந்தியில் ஓரமாக ஒரு இலை போட்டதைப் போல. 2018-க்குப் பிறகு பணம் நின்றது, போட்டியும் போனது. போன பிறகு இங்கே எதுவும் மிஞ்சவில்லை.

எங்கள் சொந்தப் போட்டியான மலேசிய ஓப்பனுக்கு இதே காலத்தில் என்ன ஆனது பாருங்கள். 1962-இல் ராயல் சிலாங்கூரில் தொடங்கிய போட்டி அது. 2016 முதல் 2019 வரை நடக்கவே இல்லை. 2020 மார்ச்சில் கோத்தா பெர்மாயில் மீண்டும் நடந்தது, உடனே கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடியது. 2024-இல் மைன்ஸில் திரும்ப நடந்தபோது வென்றவர் டேவிட் புய்க். சவூதிப் பணத்தில் உருவான எல்.ஐ.வி தொடரில் ஆடியவர். கோடிக்கணக்கில் புழங்கும் இடத்திலிருந்து வந்தவருக்கும் கடைசியில் எங்கள் சின்னப் போட்டி தேவைப்பட்டது. இதைப் பழிப்பாகச் சொல்லவில்லை, வந்தாரே என்று சந்தோஷம்தான்.

ஆகவே நான் கேட்பது பி.ஜி.ஏ டூரின் கூடாரத்தை இங்கே கொண்டுவந்து போடச் சொல்லியல்ல. எங்கள் கூடாரத்துக்குள் வந்து ஆடச் சொல்லி. நூற்றைம்பது சொச்சம் பேர், வெள்ளிக்கிழமை மாலை பாதிப் பேர் ‘கட்’ என்ற தகுதிக் கோட்டைத் தாண்டாமல் சம்பளமில்லாமல் வீடு திரும்பும் போட்டி. அங்கே உங்கள் பெயரும் எங்கள் பெயரும் ஒரே பலகையில் இருக்க வேண்டும்.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். நீங்கள் யாருக்கும் சம்பளக்காரர் இல்லை, எந்த வாரம் எங்கே ஆடுவது என்பது உங்கள் இஷ்டம். முதுகு வலி, சின்னக் குழந்தைகள், விமானப் பயணம். டூர் உறுப்பினராக ஆண்டுக்கு 15 போட்டி ஆட வேண்டும், வெளியே ஆட அனுமதி கேட்டு எழுத வேண்டும். எல்லாம் சரி. ஆனால் ஆகஸ்டில் டூரின் பருவ இறுதிப் போட்டிகள் முடியும்போது, டூரின் புள்ளிப் பட்டியலில் முதல் 50 பேருக்கு மறு ஆண்டின் ‘சிக்னேச்சர்’ என்ற பெரும் பரிசுப் போட்டிகளில் எல்லாம் இடம் உறுதியாகிவிடுகிறது. ஜனவரி வரை உங்களை யாரும் கட்டிப்போடவில்லை. அந்த நான்கு மாதத்தில் ஒரு வாரம், அதுவும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் அது அதிகப்படியான கேள்வியா?

இதைக் கேட்க வேண்டிய காலமும் இதுதான். சிக்னேச்சர் போட்டி என்று எட்டு, ஒன்பது வாரம், ஒவ்வொன்றிலும் 2 கோடி டாலர், எழுபது எண்பது பேர் மட்டும். மற்ற வாரங்களில் அமெரிக்காவிலேயே பல பழைய போட்டிகளுக்கு நட்சத்திரங்கள் வருவதில்லை. 42 ஆண்டு ஃபுளோரிடாப் போட்டியைத் தாங்கிய ஹோண்டா நிறுவனம் 2023-ஓடு கையை உதறிக்கொண்டது. 2026 முதல் டூரில் முழு அட்டை, அதாவது ஆண்டு முழுக்க ஆடும் உரிமை, 125 பேருக்குப் பதில் 100 பேருக்கு. எல்.ஐ.வி 2022-இல் வந்து பணத்தைக் கொட்டியதும், உங்கள் டூர் பதிலுக்கு மேல்தட்டைத் தங்கமாக்கியது. கீழ்ப்படிகள் எப்போது பெயர்ந்தன என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று கேட்கிறேன். ஜோர்டன் ஸ்பீத் 19 வயதில் முதல் டூர் வெற்றியை எங்கே பெற்றார்? இலினாய்ஸில், ஜான் டியர் கிளாசிக்கில், மணல் பள்ளத்திலிருந்து பந்தைக் குழிக்குள் அனுப்பி. அந்த ஊர் அவருக்கு முந்தின ஆண்டே ஸ்பான்சர் இடம் கொடுத்திருந்தது. 2015-இல் மாஸ்டர்ஸும் யு.எஸ் ஓப்பனும் கையில் இருந்தபோதும், பிரிட்டிஷ் ஓப்பனுக்கு முந்தின வாரம் அங்கே போய் ஆடி மறுபடி வென்றார். பழைய கடனை மறக்காத பிள்ளை. அப்படிச் செய்ததால் அவர் ஆட்டம் கெட்டுவிடவில்லை.

உங்கள் முன்னோர்களில் பீட்டர் தாம்சன் என்று ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற ஆஸ்திரேலியர். ஆசியாவில் சுற்றுப் போட்டிகள் வேர்விட அறுபதுகளில் உழைத்தவர்களில் முக்கியமானவர். 1964-இல் முதல் இந்தியன் ஓப்பன் தொடங்கக் காரணமாக இருந்ததோடு, தாமே வந்து ஆடி அதை வென்றார். மறு ஆண்டே ஐந்தாவது பிரிட்டிஷ் ஓப்பன். மணிலாவிலும் ஹாங்காங்கிலும் ஆடியவருக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை.

விஜய் சிங்கைச் சொல்லாமல் எங்களால் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஃபிஜி இந்தியர், எண்பதுகளில் சபாவிலும் சரவாக்கிலும் கிளப்புகளில் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். அதற்கு முன்பே 1984-இல் மலேசிய பி.ஜி.ஏ சாம்பியன்ஷிப்பை வென்றிருந்தார். 2000-இல் மாஸ்டர்ஸ் வென்றார். அந்தப் பட்டம் கையில் இருக்கும்போதே 2001 பிப்ரவரியில் சௌஜானாவுக்கு வந்து, பிளேஆஃபில் பட்ரைக் ஹாரிங்டனைத் தோற்கடித்து மலேசிய ஓப்பனை இரண்டாம் முறையாக வென்றார். எங்கள் ஆட்கள் அன்று அவர் பின்னாலேயே பதினெட்டுக் குழியும் நடந்தார்கள். பந்தைப் பார்த்தவர்களைவிட ஆளைப் பார்த்தவர்கள் அதிகம். நம்மைப் போல் கறுத்த ஒருவர், நம்மைப் போல் பெயர் கொண்ட ஒருவர்.

இது ஏன் எங்களுக்கு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். லயத்தில் இருந்த எங்கள் ஜனங்கள் வெளியேற்றப்பட்டு, பக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீண்ட பலகை வீடுகளில் பல்லாண்டு காத்திருந்த கதை இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நாடு முழுக்கத் தோட்டங்கள் போய் கோல்ஃப் மைதானம் வந்த இடங்கள் உண்டு. பால் மரம் வெட்டியவர் புல் வெட்டப் போனார். பிள்ளைகள் பள்ளி விட்டதும் ஆட்டக்காரர்களின் மட்டைப் பை தூக்கினார்கள். அவர்களில் சிலர், வேலை முடிந்து மங்கும் வெளிச்சத்தில், யாரோ கழித்துப்போட்ட ஐந்தாம் எண் இரும்பை வைத்துக்கொண்டு கற்றார்கள். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்று தமிழ்ப் பெயர்கள் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் இடம்பிடித்தது எங்களுக்குச் சின்ன விஷயமல்ல. கல்கத்தாவில் மைதானப் பராமரிப்பாளரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா, தாமே பார்த்துக் கற்று, 2008-இல் டில்லியில் ஐரோப்பியச் சுற்றுப் போட்டியை வென்றாரே, அந்த மாதிரிப் பிள்ளைகள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரி கிடையாது. ஊரில் நடக்கும் போட்டி ஒன்றுதான் வழி.

பெண்கள் பக்கம் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல். எல்.பி.ஜி.ஏ என்ற பெண்கள் தொழில்முறைச் சுற்றில், ஒரு போட்டியைத் தொடர்ந்து தவிர்க்காமல் நான்கு ஆண்டில் ஒருமுறையாவது அதில் ஆட வேண்டும் என்ற விதியே உண்டு, நான் கேட்பது ஒன்றும் என் தலையில் புதிதாக முளைத்ததல்ல. 2023-இல் கோலாலம்பூரில் செலின் பூட்டியேவும் அத்தயா திதிகுலும் ஒன்பது குழி பிளேஆஃப் ஆடினார்கள். அந்த மாதிரி ஒரு ஞாயிறு போதும், கூட்டத்தில் நிற்கும் பத்து வயதுப் பெண் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் மட்டை கேட்பாள்.

2025-இல் மெக்கில்ராய், மேஜர் எனப்படும் நான்கு பெரும் போட்டிகளின் பட்டங்களையும் வாழ்நாளில் வென்று முடித்த அதே ஆண்டு, அக்டோபரில் டில்லியிலும் டிசம்பரில் மெல்பர்னிலும் ஆடினார். டில்லியில் டாமி ஃபிளீட்வுட் வென்றார். ஆக, மனம் இருந்தால் முடியும் என்பது உங்கள் நடுவிலேயே தெரிந்த விஷயம். மற்ற நாற்பத்தெட்டுப் பேரைத்தான் கேட்கிறேன்.

வருவதாக இருந்தால் சில நிபந்தனைகளும் வைக்கிறேன், விருந்தாளியிடம் நிபந்தனை வைப்பது மரியாதையில்லை என்றாலும். வருகைக் கட்டணத்துக்கு ஸ்பான்சர் ஒதுக்கும் பணம் பரிசுத் தொகையில் சேரட்டும், ‘கட்’டைத் தாண்டாதவர்களுக்கும் செலவுக் காசாவது கிடைக்கும்படி. பயிற்சிச் சுற்றில் உள்ளூர் ஆட்டக்காரர் இருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள், வாயே திறக்கமாட்டார்கள். புதன்கிழமைக் காட்சி ஆட்டத்தில் வங்கித் தலைவரோடு ஒன்பது குழி ஆடினால், அடுத்த ஒன்பதை மைதானத்தில் புல் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளோடு ஆடுங்கள்.

பல மைதானங்களில் ஃபேர்வேயில் அகன்ற இலைப் புல் இருக்கும், பந்து அதிகம் உருளாது. கையுறை நாலைந்து கூடுதலாகக் கொண்டுவாருங்கள், வியர்வையில் இரண்டு குழிக்கு ஒன்று நனையும். அக்டோபர், நவம்பரில் மதியம் மூன்று மணி வாக்கில் இடியும் மழையும் வரும், சைரன் அடித்தால் எல்லாரும் கிளப்புக்கு ஓட வேண்டியதுதான். ஆட்டம் தொடங்கும் நேரம் காலை ஏழரைக்கு மேல் போகாதபடி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோலாலம்பூரிலிருந்து,
உங்கள் ஆட்டத்தைக் கயிற்றோரம் நின்று பார்த்தவன்